தோல் வாஷர்

இருதயராஜ்: ...அந்த ஸ்பேனரை இப்படிக் குடு. அது இல்லய்யா, பக்கத்துல இருக்கறது. மண்டியில ஆட்டுத்தோல் புரட்டின கை, இரும்பைத் தொட்டா பேஜார் பண்ணுது.

வேதாசலம்: பேஜாரெல்லாம் இல்ல. மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் இன்னொரு தபா பாத்துடலாமேன்னுதான்...

இருதயராஜ்: இன்னாத்த பாக்கறது? ராணிப்பேட்டை பழைய இரும்புக் கடையில சேத்துல கிடந்த இஞ்சின் இது. பிஸ்டன் மாத்தியாச்சு. ரிங்கு மாத்தியாச்சு. வால்வைத் தேய்ச்சு உக்கார வெச்சாச்சு. ஹெட்டை வேலூர் லேத்துக்கு எடுத்துட்டுப் போயி மட்டம் பாத்தாச்சு. மந்திரிச்சுத் தாயத்துதான் கட்டல.

வேதாசலம்: கலர் மட்டும் கொஞ்சம்...

இருதயராஜ்: கலர்னு வாயத் தொறந்தே, ஸ்பேனர் உன் மேல விழும். பச்சை அடிச்சேன், பாசி மாதிரி இருக்குதுன்னே. கருப்பு அடிச்சேன், எருமை மாதிரி இருக்குதுன்னே. இப்ப சாம்பல். பானெட்டை மூடிட்டா எவனுக்குத் தெரியப் போவுது?

வேதாசலம்: எனக்குத் தெரியும்ல.

இருதயராஜ்: உனக்கு இன்னா தெரியும். ஏலகிரி ஏத்தத்துல ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்லாம ஏத்தி, சொந்த இஞ்சினை வெடிக்க வெச்ச ஆளு. அன்னைக்குச் சூடு காட்டற முள்ளைப் பாத்திருந்தா இன்னைக்கு இந்தச் செகண்ட் ஹாண்ட் மாப்பிள்ளைய நான் குளிப்பாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனா?

வேதாசலம்: முள்ளு வேலை செய்யலய்யா.

இருதயராஜ்: முள்ளு வேலை செஞ்சுது. நீ மலையைப் பாத்துக்கிட்டு இருந்தே. உன் சம்சாரம் சொல்லிடுச்சு.

வேதாசலம்: அவ எல்லாத்தையும் சொல்லிடுவா... சரி, கியர் பாக்ஸ்? இஞ்சின்தான் வெளிய இருக்குதே, அதையும் ஒரு தபா திறந்து...

இருதயராஜ்: கியர் பாக்ஸ் வெண்ணெய் மாதிரி இருக்குது. அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். இதோ பாரு வேதாசலம், பேச்சு பேச்சா இருக்கணும். இந்த ஸ்டாண்டுல வெச்சு அரை மணி நேரம் ஓட்டுவோம். சூடாகி, ஒழுகாம, இருமாம ஓடிச்சுன்னா வேலை முடிஞ்சுது. சாயங்காலம் என் புள்ள ஜோசுவா வந்ததும் செயினைக் கட்டித் தூக்கி உன் பியட் காருக்குள்ள இறக்கிடறோம். என் சாமானை அவன் வண்டியில ஏத்தறோம். ராத்திரி சாப்பாடு எனக்கு ஓசூர்ல.

வேதாசலம்: ஓடலைன்னா?

இருதயராஜ்: ஓடலைன்னா இன்னா... திறந்த இஞ்சினை விட்டுட்டு நான் எந்த ஊருக்கும் போனதில்ல. அது உனக்கே தெரியும்.

வேதாசலம்: தெரியாம? கல்யாணத்தன்னைக்கே லாரி இஞ்சினை மூடிட்டுத்தானே சர்ச்சுக்கு வந்தே. பாதிரியாரு வாட்ச்சைப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. மோதிரம் மாட்டினப்ப பொண்ணு விரலெல்லாம் கிரீஸு.

இருதயராஜ்: அவ கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினா அதை... சம்ப்பு போல்ட்டு எங்கே? ஆயில் ஊத்தறதுக்கு முன்னாடி அடியில இருக்கற ஓட்டையை அடைக்கணும்ல.

வேதாசலம்: இந்தா.

இருதயராஜ்: வாஷர்? செம்பு வாஷர் வாங்கியாரச் சொன்னேனே.

வேதாசலம்: வெள்ளிக்கிழமை. பஜார் பூரா ஷட்டரு இறக்கிட்டான். தொழுகை முடிஞ்சுதான் திறப்பான்.

இருதயராஜ்: நேத்து வியாழக்கிழமைதானே சொன்னேன்.

வேதாசலம்: நேத்து மறந்துட்டேன். வயசாவுதுல்ல.

இருதயராஜ்: சரி விடு. ஆம்பூர்ல உக்காந்துக்கிட்டு செம்பு எவன் தேடறான். இங்க லாரி பூரா தோல் வாஷர்ல தானே ஓடுது. ஒரு துண்டு வெட்டு.

வேதாசலம்: வெட்டியே வெச்சிருக்கேன்.

இருதயராஜ்: பாருடா. உஷாராத்தான் இருக்கே... யோவ், இன்னாது இது, இப்படிக் கிரீஸ்ல முக்கி எடுத்திருக்கே? தோலா கிரீஸானே தெரியல.

வேதாசலம்: நல்லா கெட்டியா உக்காரும்னுதான்.

இருதயராஜ்: ம்...

வேதாசலம்: இன்னா ம்?

இருதயராஜ்: ஒண்ணுமில்ல. தோல் எப்படின்னு உன்கிட்டப் போயி கேட்டா கோவிச்சுக்குவே. போடறேன்... இறுக்கிட்டேன். ஆயில் டின்னை எடு. மெதுவா ஊத்து. பாலாபிஷேகம் மாதிரி வெளிய வழிய விடாதே.

வேதாசலம்: ஊத்தறேன். உனக்கு நாலு பேச்சு பேசலைன்னா கை ஓடாது.

இருதயராஜ்: பேட்டரியை மாட்டு. சிவப்பு சிவப்புல. தண்ணி ஊத்தினியா ரேடியேட்டருக்கு? உன்கிட்ட அதை ரெண்டு தபா கேக்கணும்.

வேதாசலம்: ஊத்தியாச்சு. நீயே எட்டிப் பாரு.

இருதயராஜ்: பெட்ரோல் பாட்டிலை அந்த ஆணியில தொங்க விடு. ஆங். தள்ளி நில்லு. சாமியைக் கும்பிடறதுன்னா கும்பிட்டுக்கோ.

வேதாசலம்: நீ சிலுவை போட்டுக்கோ. நான் சோளிங்கரைப் பாத்துக் கும்பிடறேன். ரெண்டுல ஒண்ணு வேலை செய்யும்.

இருதயராஜ்: ஸ்டார்ட் அடிக்கறேன்... இருமறான்... இன்னும் கொஞ்சம்... வா ராஜா, வா... பிடிச்சிட்டான்யா.

வேதாசலம்: ...பிடிச்சிடுச்சு.

இருதயராஜ்: கேளு சத்தத்தை. தையல் மிஷின் மாதிரி இல்ல? இன்னா முகத்தை இப்படி வெச்சிருக்கே? பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பின அப்பன் மாதிரி.

வேதாசலம்: புகை கண்ணுல பட்டுடுச்சு.

இருதயராஜ்: புகை அந்தப் பக்கம் போவுது.

விஜயகுமாரி: இன்னாங்க சத்தம் இது? பக்கத்து வீட்டுல கிரைண்டர் போட்டாங்கன்னு நெனச்சேன். ஓடுதா?

வேதாசலம்: ஓடுது விஜயா.

விஜயகுமாரி: நெஜமாவா அண்ணே? மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ஷெட்டுல துணி காயப் போட இடம் இல்லாம நான் பட்ட பாடு. இன்னைக்கு ஓடுதா?

இருதயராஜ்: ஓடுதும்மா. அரை மணி தாங்கிடுச்சுன்னா உன் ஷெட்டு உனக்கு. என் தொல்லையும் விட்டுது.

விஜயகுமாரி: தொல்லைதான் போங்க. தினம் ஒரு சொம்பு டீ. பகல்ல ரெண்டு பேருக்குச் சோறு. சாயங்காலம் முறுக்கு. இஞ்சின் ஆயில் குடிச்சுதோ இல்லியோ, நீங்க ரெண்டு பேரும் நல்லாக் குடிச்சீங்க.

வேதாசலம்: இனிமே கம்மியாயிடும். டீத்தூள் மிச்சம். எனக்கும் மண்டிப் பக்கம் போயி உக்கார நேரம் கிடைக்கும்.

விஜயகுமாரி: மண்டியைத்தான் நீங்க மருமகன் கையில குடுத்தாச்சே. அங்க போயி யாரோட உக்காரப் போறீங்க?

வேதாசலம்: ...யாராவது இருப்பாங்க.

இருதயராஜ்: இவனுக்கு ஆளா கிடைக்காது? பேரம்னா பொணம் கூட எழுந்து வந்து பேசும் இவன்கிட்ட. இந்த இஞ்சினையே எப்படி வாங்கினான் தெரியுமாம்மா? இரும்புக் கடை பாய், வெயிட்டுக்கு விலை சொல்றாரு. இவன், உள்ள இருக்கற துருவோட வெயிட்டைக் கழிச்சுக்கோங்கறான். பாய் என்னைப் பாக்கறாரு. நான் வானத்தைப் பாக்கறேன். கடைசியில, ஏத்திக்கிட்டுப் போயிடு, மறுபடி வராதேன்னு சொல்லி டீயும் வாங்கிக் குடுத்தாரு.

விஜயகுமாரி: அது பரவால்ல. எங்க ஷூ கம்பெனிக்கு ஒரு லோடு தோல் வந்துது, அப்ப நான் செக்கிங்ல இருந்தேன். இவரு நடுவுல தரகு. கேட்டுலயே அடுப்பைப் பத்த வெச்சு, சட்டியில தண்ணியைக் கொதிக்க விட்டு, தோல்ல ஒரு துண்டை வெட்டிப் போட்டாரு. சுருண்டுக்கிச்சு. குரோம் தோலுன்னு சொல்லிப் பட்டைத் தோலைக் கலந்திருக்கான். லாரியை அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. சப்ளை பண்ணினவன் இவரோட சித்தப்பா மகன்.

வேதாசலம்: சித்தப்பா மகன்னா சூடு சும்மா விட்டுடுமா? ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டது கொதிக்கற சூட்டுக்குத் தாங்காது. குரோம் உப்புல போட்டது அசையாது. வியாபாரம்னா வியாபாரம்.

விஜயகுமாரி: அந்த விரைப்பைப் பாத்துத்தான் நான் கட்டிக்கிட்டேன். மோசம் போனேன்... சரி, டீ எடுத்தாரேன். கடைசி டீ, சக்கரை ஜாஸ்தியா போடறேன்.

இருதயராஜ்: போன் அடிக்குது பாரு, அந்தப் பெஞ்சு மேல... குடு. ஹலோ... சொல்லுப்பா ஜோசுவா... ஓடுது, ஓடுது. கேக்கல உனக்கு? அந்தச் சத்தம்தான்... கிருஷ்ணகிரி தாண்டிட்டியா? மெதுவா வா. சாப்பிட்டுட்டு வா... வெச்சிடறேன்.

வேதாசலம்: சீக்கிரம் கிளம்பிட்டானே.

இருதயராஜ்: பொறுமை இல்ல அவனுக்கு. அவங்க ஆத்தா போனதுல இருந்து கூப்பிடறான். நானும், கையில ஒரு வேலை இருக்குது, முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். என் பட்டறை இருந்த இடத்தை ஓனரு வித்து, நான் சாமானைத் தூக்கிக்கிட்டு உன் ஷெட்டுக்கு வந்தப்பவே வந்து நின்னான். வாப்பா, இன்னும் இன்னா இருக்குது இங்கன்னான்.

வேதாசலம்: நீ இன்னா சொன்னே?

இருதயராஜ்: வேதாசலம் வண்டி இருக்குதுன்னேன். அதை முடிச்சிட்டா?ன்னான். முடிச்சிட்டா வர்றேன்னேன். வாயை விட்டுட்டேன்.

வேதாசலம்: நல்லதுதானேய்யா. ஓசூர்ல குளிரா இருக்கும். லிப்ட்டு வெச்ச வீடு. பேத்தி இருக்குது.

இருதயராஜ்: ஆமாமா. தனி ரூமு. பால்கனியில நின்னா கீழ வரிசையா காரு நிக்கும். எல்லாம் புதுசு. பானெட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியும், இஞ்சின் தெரியாது. திறக்கவும் விடமாட்டான். வாட்ச்மேன் விசில் அடிப்பான்.

வேதாசலம்: பேத்தியோட விளையாடலாம்ல.

இருதயராஜ்: அது ஸ்கூலுக்குப் போயி, பாட்டுக்குப் போயி, நீச்சலுக்குப் போயி ராத்திரி வரும். எனக்கு டைம் குடுக்கணும்னா அதுக்கு லீவு எழுதிப் போடணும். நல்ல பொண்ணு. ஹாய் தாத்தான்னு சொல்லிட்டுத்தான் தூங்கும்.

வேதாசலம்: பழகிடும். எல்லாம் பழகிடும்.

இருதயராஜ்: நீ இன்னா பண்ணப் போறே?

வேதாசலம்: எனக்கு இன்னா. வண்டி இருக்குதுல்ல. எடுத்துக்கிட்டுச் சுத்துவேன்.

இருதயராஜ்: எங்க சுத்துவே?

வேதாசலம்: கலவை கோயிலுக்குப் போவேன். சோளிங்கருக்குப் போவேன். ரோப் கார்ல மலை ஏறுவேன்.

இருதயராஜ்: தனியாவா?

வேதாசலம்: விஜயா வருவா.

இருதயராஜ்: அவதான் ஏலகிரிக்கு அப்புறம் உன் வண்டியில உக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காளே.

வேதாசலம்: அப்ப தனியாத்தான். சூடு எவ்வளவு காட்டுது?

இருதயராஜ்: இதோட எத்தனை தபா கேட்டுட்டே. நல்லாத்தான் இருக்குது. ஏறிக்கிட்டு இருக்குது.

வேதாசலம்: கொஞ்சம் வேகத்தை ஏத்திப் பாரேன்.

இருதயராஜ்: இன்னா அவசரம்? சூடாவட்டும் மெதுவா.

வேதாசலம்: அவசரம் இல்ல, சும்மா கேட்டேன்.

விஜயகுமாரி: டீ ஆறிடும், எடுத்துக்கோங்க. அண்ணே, உங்களுக்குப் புளிக்காய்ச்சலும், ஊறுகாயும் கட்டி வெச்சிருக்கேன். அங்க மருமவளுக்கு நேரம் இருக்குமோ இல்லியோ... இது இன்னாங்க கீழே? சொட்டுது.

வேதாசலம்: தண்ணியா இருக்கும்.

விஜயகுமாரி: தண்ணி இப்படி மஞ்சளா, பிசுபிசுன்னா இருக்கும்?

வேதாசலம்: ஐயோ, ஆயில் ஒழுகுதுய்யா. நிறுத்து. நிறுத்திடு. இன்னைக்கு ஆவாது.

இருதயராஜ்: இரு. நான் இன்னும் குனியவே இல்ல, அதுக்குள்ள இன்னைக்கு ஆவாதுன்னுட்டே.

வேதாசலம்: ஒழுகுதுல்ல. ஒழுகாம ஓடணும்னு நீதானே சொன்னே. பேச்சு பேச்சா இருக்கணும்.

இருதயராஜ்: நிறுத்திட்டேன்... ம். சம்ப்பு போல்ட்டுதான். அந்தக் காலி டப்பாவை அடியில தள்ளு. கை வெக்காதே, கொதிக்குது. கழட்டறேன்... வடியட்டும்.

வேதாசலம்: பாத்தியா. பழைய இஞ்சின்னா இப்படித்தான். எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும். ஒரு வாரம் ஆவும், பத்து நாள் கூட ஆவும். போன் பண்ணி ஜோசுவாவை அப்படியே திரும்பச் சொல்லிடு, பாவம் அலையப் போறான்.

விஜயகுமாரி: அண்ணே, அந்த வாஷரைக் குடுங்க.

வேதாசலம்: உனக்கு எதுக்கு அது? சுடும்.

விஜயகுமாரி: முந்தானையில பிடிச்சுக்கறேன். எத்தனை வருஷம் தோல் செக்கிங் பண்ணினவ... கிரீஸைத் துடைச்சாத்தான் தெரியும்... ஏங்க.

வேதாசலம்: இன்னா.

விஜயகுமாரி: இதை யாரு வெட்டினது?

வேதாசலம்: நான்தான். ஏன்.

விஜயகுமாரி: வெட்டு வாயில நீலமே இல்லியே. குரோம் தோலுன்னா நடுவுல லேசா நீலம் ஓடும். இது முழுக்கப் பழுப்பு. சுருண்டு, முறுக்கு மாதிரி விரைச்சுப் போயிருக்குது. பட்டைத் தோலுங்க இது.

வேதாசலம்: இருட்டுல வெட்டினேன். தெரியல.

விஜயகுமாரி: உங்களுக்கா தெரியல? கண்ணைக் கட்டி விட்டு ஒரு நகத்தளவு தோல் குடுத்தாப் போதும், கீறிப் பாத்து எந்த டேனரி தோலுன்னு சொல்ற ஆளு. சொந்தச் சித்தப்பா மகன் லாரியைத் திருப்பின ஆளு. சூட்டுக்குத் தாங்காதுன்னு இப்பதான் என்கிட்டயே பாடம் எடுத்தீங்க. பேசுங்க.

வேதாசலம்: இன்னாத்த பேசறது.

விஜயகுமாரி: கிரீஸ்ல முக்கினது வாசனை வரக் கூடாதுன்னுதானே?

வேதாசலம்: இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது விஜயா. ஸ்டாண்டுல தானே இருக்குது, பக்கத்துலயே உக்காந்திருக்கோம்ல. ஒழுகினா நிறுத்திடப் போறோம்... இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்னு பாத்தேன். அவ்ளோதான்.

விஜயகுமாரி: அதுக்கு, இருய்யான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

வேதாசலம்: புள்ள கூப்பிடறான் அவனை. நான் இன்னான்னு சொல்லுவேன்? எனக்கு டீ குடிக்க ஆள் இல்லைன்னா? இந்த வயசுல.

விஜயகுமாரி: அண்ணே, நீங்களாவது எதனா சொல்லுங்க.

வேதாசலம்: திட்டிட்டுப் போட்டும் விடு... இருதயம், இந்தா. சட்டைப் பையில நல்லதும் ஒண்ணு வெட்டித்தான் வெச்சிருந்தேன். குரோம். நீயே கீறிப் பாத்துக்கோ. இதைப் போடு, ஆயிலை ஊத்து, அரை மணி ஓடிடும். அவன் வரதுக்குள்ள ஆயிடும். நீ கிளம்பு.

இருதயராஜ்: ரெண்டு வெட்டினியா?

வேதாசலம்: ரெண்டு வெட்டினேன். எதைக் குடுக்கறதுன்னு காலையில இருந்து பைக்குள்ள கையை விட்டு விட்டு எடுத்தேன்.

இருதயராஜ்: ம்... போன் அடிக்குதும்மா. அதை எடுத்துக் குடு. கையெல்லாம் ஆயில், காதுல வெய்யி.

விஜயகுமாரி: பேசுங்க. பிடிச்சிருக்கேன்.

இருதயராஜ்: சொல்லுப்பா... வாணியம்பாடி வந்துட்டியா... இல்ல, முடியல. ஓடிச்சு, அப்புறம் ஒழுகிடுச்சு. வாஷர்... ஏய், வேதாசலத்தை ஒண்ணும் சொல்லாதே. அவரு வெட்டிக் குடுத்தாரு, போட்டது நான். தெரியாமலாடா போடுவேன்? அவ்வளவு கிரீஸையும் மீறிக்கிட்டு ஆவாரம் பட்டை வாசனை, கையில வாங்கும்போதே தூக்கிடுச்சு. தெரிஞ்சுதான் இறுக்கினேன்... இல்லப்பா, கோவம் வேணாம், நீ வா. விஜயா சித்தி புளிக்காய்ச்சல் பண்ணியிருக்குது, சாப்பிட்டுட்டுப் போ. சாமான் மட்டும் இன்னைக்கு ஏத்த வேணாம்... ஆமா, இஞ்சினை இறக்கிடலாம். ஆனா கியர் பாக்ஸ்ல வேற இன்னாவோ சத்தம் வருது, அதையும் திறக்கணும்னு இவரு ஒத்தக்கால்ல நிக்கறாரு.